பித்தளைப் படியும் அத்தையின் பந்தும்

ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டி வருவதில் என் அப்பாவைவிடக் கறாரான ஆள் திருவாரூர்ப் பக்கத்தில் கிடையாது. ஆனி கடைசி நாளே சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆடி பிறப்பதற்குள் பெண்ணை பஸ் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஊரில் யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் துணைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் சொந்தத் தங்கையைக் கூட்டி வந்தபோது, பஸ்ஸின் கூரையிலிருந்து துணிப்பெட்டியோடு ஒரு நீளமான தோல் பையும் இறங்கியது. பையின் வாயிலிருந்து இரும்புக் குச்சிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

"இது என்னங்க ஐயா, குடை ரிப்பேர் சாமானா?" என்று கண்டக்டர் கேட்டார். அப்பா துணிப்பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இல்லை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பெற்றவர்களைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவளை அப்பாதான் வளர்த்தார், படிக்க வைத்தார். மலை ஊர் ஒன்றில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் வேலை கிடைத்தபோது, ஊரே வேண்டாம் என்று தடுத்தும், தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பொம்பளைப் பிள்ளையை மலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறானே என்று பேசியவர்கள், அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போன ஒவ்வொரு வருஷமும் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்கள். கடைசியில் அந்த வைகாசியில்தான், அதே மலை ஊரில் பாங்கு வேலையில் இருந்த மாமாவுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. மாமாவுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். காபியில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலும் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருக்கிற ரகம் சம்பந்தி வீட்டார். அவர்கள் வாயில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று அப்பா அந்த ஆடி முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தையின் வயிற்றில் வேறு நெருப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கோல்ஃப் மைதானம் இருந்தது. விடுதியை நடத்திய ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் அத்தைக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து, ஊருக்குக் கப்பலேறும்போது மட்டைகளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பல வருஷமாக, மைதானத்தில் ஆள் இல்லாத விடியற்காலையில் அத்தை தனியாக ஆடி வந்திருக்கிறாள். ஆண்டுக்கொரு முறை அங்கே பெண்களுக்கென்று ஒரு போட்டி நடக்கும். அதில் அதிகாரிகளின் மனைவிமார் ஆடுவார்கள், எஸ்டேட் துரைசானிகள் ஆடுவார்கள். டிரில் டீச்சருக்கு அங்கே என்ன வேலை? அந்த வருஷம்தான் யாரோ ஒரு புண்ணியவதி முயற்சி செய்து அத்தையின் பெயரையும் சேர்த்திருந்தாள். போட்டி ஆடிக் கடைசியில். வராவிட்டால் இனிமேல் பெயர் சேர்ப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் சாப்பிடும்போதே அத்தை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில், "ஆடியில நீ அங்க போனா, பந்தடிக்கப் போனேன்னு சொன்னா யாரு நம்புவா? புருஷனத் தேடிப் போயிட்டான்னுதான் பேசுவாங்க" என்றார்.

புருஷனைத் தேடிப் போவதில் என்ன தப்பு என்று நான் கேட்டேன். அம்மா என் வாயில் ஒரு கவளத்தைத் திணித்தாள்.

அத்தை அழவில்லை, சாப்பாட்டைத் தள்ளவும் இல்லை. மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள். விளையாட இடம் பார்க்கப் போகிறோம் என்றாள். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் என்ன இடம் இருக்கும்? ஆற்றில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், வயலில் தண்ணீர். வரப்பில் ஒரு கால் வைத்தால் மறு கால் சேற்றில். ஆற்றங்கரையில் நின்று அத்தை ஒரு பந்தை ஓங்கி அடித்தாள். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளையாக எழும்பி, தென்னை மரங்களுக்கு மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டதுபோல் தோன்றி, பிறகு யாரோ ஒருவருடைய குறுவைப் பயிருக்குள் சொத்தென்று விழுந்தது. அந்தப் பந்து இன்று வரை கிடைக்கவில்லை. கையில் இருந்ததே சில பந்துகள்தான் என்பதால், ஓங்கி அடிக்கும் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

மிச்சம் இருந்தது, பந்தை மெதுவாகத் தட்டிக் குழிக்குள் விழ வைக்கும் வேலை. போட்டியே அதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும் என்று அத்தை சொன்னாள். அதற்குச் சமமான தரை வேண்டும். ஊரிலேயே காய்ந்து, சமமாக, சும்மா கிடந்தது எங்கள் நெற்களம் ஒன்றுதான். அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களம் முழுவதையும் பெருக்கிச் சாணி போட்டு மெழுகினாள். ஊருக்கு வந்த பெண் இப்படி வேலை செய்கிறாளே என்று தெருவே மெச்சியது. குழிக்கு ஒரு பாத்திரம் வேண்டும் என்றாள். வீட்டில் இருந்த சொம்பு, டம்ளர், டபரா எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டுக் கடைசியில் அம்மாவின் பித்தளைப் படியை எடுத்துக்கொண்டாள். அதன் வாய்தான் கச்சிதமாக இருந்தது. களத்தின் ஒரு மூலையில் அதை விளிம்பு வரை புதைத்தோம். எட்டத்திலிருந்து அடையாளம் தெரிவதற்காக ஒரு மூங்கில் குச்சியில் என் பழைய சிவப்புப் பாவாடைத் துணியைக் கட்டிப் படியை ஒட்டி நட்டு வைத்தாள். ஆடும்போது குச்சியை எடுத்துவிடுவாள், முடிந்ததும் மறுபடி நடுவாள்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. படியை ஒருபோதும் வெறுமையாக வைக்கக் கூடாது, ஒரு பிடியாவது போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற மகாலட்சுமி எழுந்து போய்விடுவாள் என்று அம்மா என்னை அடித்துப் பழக்கியிருந்தாள். அதனால் ஆட்டம் முடிந்து போகும்போதெல்லாம் குதிரிலிருந்து ஒரு பிடி நெல் கொண்டுவந்து படிக்குள் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

அந்தக் களத்து வழியாகத்தான் நடவுப் பெண்கள் வேலைக்குப் போவார்கள். மெழுகிய களம், மூலையில் புதைத்த பித்தளைப் படி, படிக்குள் நெல், மேலே சிவப்புத் துணி. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள் காலை நாங்கள் போனபோது படிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. மறுநாள் அரளிப்பூ. அடுத்த நாள் கற்பூரம் எரிந்த கரி. பூவை எல்லாம் ஒதுக்கிவிட்டு அத்தை ஆடிப் பார்த்தாள். ஆனால் யாராவது ஒருத்தி வந்து கைகூப்பி நின்றுவிடுவாள். சாமி கும்பிடுகிறவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்தச் சாமிக்குள் பந்தைத் தள்ள முடியுமா? அத்தையும் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கூடவே கும்பிட்டாள்.

ஒரு வாரத்துக்குள் எதிர்வீட்டுக் களத்திலும் ஒரு படி முளைத்தது. அதற்கடுத்துக் கணக்குப்பிள்ளை வீட்டுக் களத்தில். படி இல்லாதவர்கள் உழக்கைப் புதைத்தார்கள்.

இதற்கிடையில் வீட்டில் அரிசி அளக்கப் படியைக் காணோம் என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைப் பிடித்து உலுக்கியபோது உண்மை வந்துவிட்டது. அப்பா கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு களத்துக்குக் கிளம்பினார். லட்சுமியைத் தோண்டிப் புதைத்து அதில் பந்து விளையாடுவதா என்று வழி முழுவதும் உறுமிக்கொண்டே போனார். நானும் அத்தையும் பின்னாலேயே ஓடினோம். களத்தில் நடவுப் பெண்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களைக் கூட்டி வரும் தலைவியம்மாள் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க ஐயா. சின்னம்மா வச்ச படி வந்த வேளை, வாய்க்கால்ல தண்ணி கடைமடை வரைக்கும் பாஞ்சிருக்குங்க. இத்தினி வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல" என்று சொல்லித் தட்டை நீட்டினாள்.

அப்பா கடப்பாரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை வரப்போரமாகச் சாய்த்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவுக்குக் கும்பகோணத்திலிருந்து வேறு படி வாங்கி வந்தார்.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஆற்றுப் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடிக்கு வந்த பெண்ணுக்குப் பிறந்த வீடு சீர் செய்ய வேண்டும். அப்பா அதைப் பத்துப் பேர் பார்க்கச் செய்கிற ஆள். எல்லார் முன்னாலும் நிமிர்ந்து நின்று, "என்ன வேணும்னு வாயத் தொறந்து கேளு. பட்டா, வளையலா?" என்றார்.

அத்தை வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினாள். "எனக்குப் பட்டு வேணாம்ணே. அந்தப் போட்டிக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. அதுதான் எனக்குச் சீரு."

அப்பாவின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் தலைவியம்மாள் எழுந்துவிட்டாள். போட்டி என்றால் என்ன, எங்கே, எதற்கு என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

"களத்துல படி வச்ச பொண்ணுங்க ஐயா. வாய்விட்டுக் கேட்டிருச்சு. இல்லேன்னு சொல்லி அது கண்ணுல தண்ணி வந்தா, வெள்ளாமைக்கு ஆவுமா?"

வெள்ளாமை என்ற சொல்லுக்கு முன்னால் அப்பாவின் கறார் எல்லாம் எம்மாத்திரம்? போவது என்று முடிவாயிற்று. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. அப்பாவே கூட வருவார். அத்தை தங்குவது பள்ளிக்கூட விடுதியில். மாமா ஆட்டத்தைப் பார்க்கலாம், ஆனால் மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. அத்தையோடு பேச வேண்டியதை அப்பாவிடம் சொன்னால் அவர் வந்து சொல்லிவிடுவார். அத்தையின் பக்கத்திலேயே படுத்துக்கொள்வதற்கு நான்.

மலை ஊரில் அந்த மைதானத்தைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய வரை புல். "மா, வேலின்னு கணக்கில்லாம நிலத்தப் போட்டுட்டுப் புல்லு வளக்குறானுவளே. ஒரு மாட்டையும் காணும்" என்று வருத்தப்பட்டார். அத்தை புடவையைக் கொசுவி வரிந்து கட்டிக்கொண்டு, காலில் டிரில் டீச்சரின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு வந்து நின்றாள். மற்றவர்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடையும் தொப்பியும் போட்டிருந்தார்கள். ஒருத்தி அத்தையின் மட்டைகளைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள். அத்தை பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான்.

இரண்டு இரண்டு பேராக ஆடிக்கொண்டு போவார்கள். அத்தையோடு சேர்ந்து ஆடியவள் உயரமான ஒரு எஸ்டேட் அம்மாள், போன வருஷம் கோப்பையை வாங்கியவள். அப்பா வழியில் கூழாங்கற்களைப் பொறுக்கிச் சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டே வந்தார். அத்தை ஒரு முறை அடித்தால் இடது பையில் ஒரு கல், அந்த அம்மாள் அடித்தால் வலது பையில் ஒரு கல். நாற்றுக்கட்டு எண்ணுகிற பழக்கம் அவருக்கு அப்படி. ஒவ்வொரு குழி முடிந்ததும் இரண்டு பைகளையும் கையால் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கனத்தன. அத்தை ஓங்கி அடித்த பந்துகள் எல்லாம் ஆற்றங்கரையில் பார்த்ததுபோலவே எழும்பின. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா கூடவே நடந்துகொண்டிருந்தார். வம்பு வந்தது குழிக்குப் பக்கத்தில்தான். காலையில் தூறல் போட்டிருந்ததால் புல் ஈரமாக இருந்தது. அத்தையின் கை ஒரு மாதமாகச் சாணி மெழுகிய களத்தில் பழகிய கை. அங்கே லேசாகத் தொட்டால் போதும், பந்து கடகடவென்று ஓடிப் படிக்குள் விழும். இங்கே தட்டிய பந்து குழிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. மறுபடி தட்ட வேண்டியிருந்தது. அப்படி ஒன்று, இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போயிற்று. கடைசிக் குழியிலும் அதேதான். பந்து விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. அத்தை குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதை உள்ளே தள்ளிவிட்டு அந்த உயரமான அம்மாளிடம் கை குலுக்கினாள். அப்பாவின் இடது பை புடைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, செய்தியைச் சொல்ல வேலியோரம் மாமாவிடம் போனார்.

நான் அத்தையின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஷூவில் ஒட்டிய புல்லை மட்டையால் வழித்துக்கொண்டிருந்தாள். வழித்து முடித்த பிறகும் வழித்தாள். தூரத்தில் மாமா தலையாட்டினார், ஏதோ சொன்னார், கையைத் தாழ்த்திக் காட்டினார். அப்பா சட்டைப் பையைப் பார்த்தார். தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தார், மாமாவிடம் ஏதோ சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்தார், வழக்கத்தைவிட வேகமாக.

"ஜெயிச்சாச்சு. நம்ம புள்ள ஜெயிச்சாச்சு" என்று அங்கிருந்தே கத்தினார். பக்கத்தில் வந்து இரண்டு பைகளையும் புல்லில் கொட்டிக் காட்டினார். "இந்தா பாரு கணக்கு. அந்தம்மாவவிட நீ எத்தினி கூட அடிச்சிருக்கே. அவனுவ என்னத்தக் கொடுத்தா என்ன, கொடுக்காட்டி என்ன. கணக்கு என்கிட்ட இருக்கு."

அத்தை திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. கல் குவியலைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். தோற்றவர்கள் அப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், அப்பா முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை என் காதில் உண்மையைச் சொன்னாள். இந்த ஆட்டத்தில் குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர். "உங்கப்பாகிட்ட மூச்சு விடாத குட்டி. ஜெயிச்சதா நெனச்சாத்தான் அடுத்த வருஷமும் ஆட விடுவாரு." இவ்வளவு பெரிய ரகசியம் அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஊரில் தலைவியம்மாள் திருஷ்டி கழிக்க ஆலம் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் குறுவை நன்றாக விளைந்தது, அதற்கும் அத்தைக்கே பெயர். ஆடிக்கு அழைத்து வருவது முதல் வருஷத்தோடு முடிந்துவிடும் சடங்கு. ஆனால் அதற்குப் பிறகும் பல ஆடிகளில் அப்பா துண்டை உதறிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார், தங்கை ஆடுவதைப் பார்க்க. சம்பந்தி வீட்டில் முணுமுணுத்தபோது, "ஜெயிக்கிற புள்ளைய வீட்டுல கட்டிப் போடுறதாங்க?" என்று கேட்டு வாயை அடைத்தார். சில வருஷம் அத்தை உண்மையாகவே ஜெயித்தாள். அப்போதெல்லாம் இடது பை இலேசாக இருப்பதைப் பார்த்து அப்பா உதட்டைப் பிதுக்கி, "பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்வார். அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

அத்தைக்கு இப்போது முழங்கால் வலி. திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் அந்தக் கூழாங்கல் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "பாவம் அண்ணன். கடைசி வரைக்கும் தெரியாமலே போய்ச் சேந்துட்டாரு" என்பாள். அப்போது மாமா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில்தான் மாமா எனக்குச் சொன்னார். அன்றைக்கு வேலியோரமாகவே அவர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டாராம். கூட அடித்தால் தோல்வி மச்சான், சீட்டில் ரம்மி மாதிரி, புள்ளி குறைந்தவன்தான் ஜெயிப்பான் என்று. அப்பாவா ரம்மி தெரியாதவர்? அரை நொடியில் புரிந்துகொண்டாராம். "அவ எங்க நிக்கிறா பாருங்க மாப்ளே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறா" என்றாராம். அப்புறம், "நீங்க எனக்கு இதச் சொல்லவே இல்ல" என்றாராம்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. மாமாவும் சொல்லப்போவதில்லை. அன்றைக்குப் புல்லில் நின்ற சிறுமிக்கு, அப்பா ஏன் அத்தனை வேகமாக நடந்து வருகிறார் என்று புரியவில்லை. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை அழத் தொடங்குவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று அவர் நடந்திருக்கிறார்.